பழைய நோட்டில் இருக்கும் மலையை ஐந்தாம் பதிப்புக்குக் கொண்டுவருவது

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன், கல்லூரி மாணவன். 1990களின் கடைசியில் என் சித்தப்பா நண்பர்களோடு நடத்திய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) இரண்டாம் பதிப்பு கேம்பெய்னின், அதாவது வாரக்கணக்கில் தொடரும் சாகசக் கதையின், மூன்று நோட்டுகள் பரணில் கிடைத்தன. ஏற்காட்டுப் பாதையைப் போல இருபது வளைவுகள் கொண்ட ஒரு மலை, உச்சியில் குகைக் கோயில், அதைக் காக்கும் பேய்கள். ஓரமெல்லாம் தாக்கோ, ஏ.சி. என்று எண்கள். என் நண்பர்கள் நால்வருக்கும் ஐந்தாம் பதிப்பு மட்டுமே தெரியும். எல்லா எண்களையும் மாற்ற ஒரு சூத்திரம் உண்டா?

பதில்:

சூத்திரம் உண்டு. இரண்டே வரி என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏ.சி. என்பது ஒருவர் மேல் அடி படுவது எவ்வளவு கடினம் என்ற பாதுகாப்பு எண். தாக்கோ என்பது ஏ.சி. 0 உள்ளவரை அடிக்க இருபதுமுகப் பகடையில் விழ வேண்டிய எண். பழைய ஏ.சி.யை 20இலிருந்து கழித்தால் புதிய ஏ.சி. வரும். தாக்கோவை 20இலிருந்து கழித்தால் தாக்குதலுக்கான கூட்டெண், அதாவது அடிக்கும்போது பகடையோடு கூட்டும் எண், வரும். இரண்டாம் பதிப்பு வரை ஏ.சி. குறையக் குறையத்தான் பாதுகாப்பு கூடியது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு அதைத் திருப்பிப் போட்டது. கணக்கு அவ்வளவுதான்.

இப்போது அதை நீங்கள் அனுப்பிய பக்கத்திலேயே போட்டுப் பார்ப்போம். ஆறாம் வளைவில் ஓகர் என்ற முரட்டு ராட்சதன் ஒன்று நிற்கிறது. சித்தப்பா எழுதியிருப்பது: ஏ.சி. 5, தாக்கோ 17, ஹிட் பாயிண்ட் (உயிர்ப்புள்ளி) 19. சூத்திரப்படி ஏ.சி. 15, தாக்குதல் கூட்டெண் 3, ஹிட் பாயிண்ட் அதே 19. மூன்றாம் லெவலில் இருக்கும் உங்கள் நால்வர் முன்னால் இதை நிறுத்தினால் பெரும்பாலும் ஒரே சுற்றில் விழுந்துவிடும். திருப்பி அடிக்க வாய்ப்புக் கிடைத்தாலும், நல்ல கவசம் போட்ட வீரன் மேல் பாதி அடிகூடப் படாது. ஐந்தாம் பதிப்பின் 2014 புத்தகத்தில் இருக்கும் ஓகரைப் பாருங்கள். ஏ.சி. 11தான். ஆனால் ஹிட் பாயிண்ட் 59, தாக்குதல் கூட்டெண் 6, ஓர் அடிக்குச் சராசரியாக 13 சேதம். பார்த்தால் முற்றிலும் வேறு மிருகம். ஆனால் மேசையில் அது செய்யும் வேலை சித்தப்பாவின் ஓகர் செய்த அதே வேலை: மூன்றாம் லெவல் வீரனை இரண்டு மூன்று அடியில் சாய்த்துவிடும் என்று எல்லோரும் ஓர் அடி பின்வாங்குவது.

ஆகவே என் பதிலின் சாரம் இதுதான். எண்ணை மாற்ற உட்காராதீர்கள். அந்த எண் ஆட்டக்காரர்களை என்ன முடிவெடுக்க வைத்தது என்று கண்டுபிடியுங்கள். அதே முடிவை அவர்கள் எடுக்கும்படி புதிய விதிகளில் எதை வைக்கலாம் என்று யோசியுங்கள். பேய், பூதங்களைப் பொறுத்தவரை இது எளிது. பெயரைப் பார்த்துப் புதிய புத்தகத்தில் இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகம் வாங்கப் பணம் இல்லையென்றாலும் கவலை வேண்டாம். எஸ்.ஆர்.டி. 5.1 என்ற அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியானது. சித்தப்பாவின் ஓகர், பிணப்பேய், ஆவி எல்லாமே அதில் இருக்கின்றன.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2004இல் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடி அறையில், மூன்றாம் பதிப்பின் திருத்தமான 3.5 பதிப்பில் ஒரு கேம்பெய்ன் தொடங்கினேன். உங்கள் சித்தப்பாவைப் போலவே எனக்கும் சேர்வராயன் மலைதான் களம். அடிவாரத்திலிருந்து மேலே ஏறுவது மட்டுமே நான்கு வாரம் நடந்தது. பத்து ஆண்டுகள் கழித்து ஐந்தாம் பதிப்பு வந்ததும், அதே மலையைப் புதிய கூட்டத்துக்கு நடத்த ஆசைப்பட்டு, இரண்டு மாதம் உட்கார்ந்து ஒவ்வோர் எண்ணையும் மாற்றினேன். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் நான்கு வாரம் ஏறிய மலையைப் புதியவர்கள் ஒரே மாலையில் ஏறி முடித்துவிட்டார்கள். ஒருவர் முகத்திலும் பயம் இல்லை.

2004இல் பன்னிரண்டாம் வளைவில் நடந்தது இன்னும் கண் முன்னால் இருக்கிறது. கையில் ஒரே ஒரு பந்தம் மிச்சம். குழுவின் பூசாரியிடம் குணமாக்கும் மந்திரம் தீர்ந்துவிட்டது. வீரனுக்கு 5 ஹிட் பாயிண்ட். மேலே போகலாமா, திரும்பலாமா என்று முக்கால் மணி நேரம் பேசினார்கள். ஒருவர் தன் பாத்திரத்தின் சாமான் பட்டியலைக் கையில் எடுத்து, விளக்கெண்ணெய்க் குப்பி எத்தனை இருக்கிறது என்று விரல் வைத்து எண்ணினார். கடைசியில் திரும்பினார்கள். இறங்கும் வழியில் ஏழாம் வளைவில் பந்தம் அணைந்தது. என் ஆட்ட வாழ்க்கையில் அதைவிட நல்ல மாலை அமைந்ததில்லை.

அந்த மாலையை உண்டாக்கியது நான் எழுதிய எந்தப் பூதமும் இல்லை, ஓய்வும் வெளிச்சமும் பற்றிய விதிகள்தான். இரண்டாம் பதிப்பில் ஒரு நாள் ஓய்வெடுத்தால் 1 ஹிட் பாயிண்ட் திரும்பும். படுக்கையிலேயே கிடந்தால் நாளுக்கு 3. 3.5 பதிப்பில் நான்காம் லெவல் வீரன் இரவு முழுக்கத் தூங்கினால் 4. ஐந்தாம் பதிப்பில் எட்டு மணி நேரம் நீண்ட ஓய்வு எடுத்தால் அத்தனையும் திரும்பிவிடும். வெளிச்சமும் அப்படித்தான். அன்று ஒளி மந்திரத்துக்கு ஒரு நாளைக்கு இத்தனை முறை என்று கணக்கு உண்டு. இன்று அதை எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம். போதாக்குறைக்கு, புதிய கதாபாத்திரங்களில் பாதிப் பேருக்கு இருட்டில் கண் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மலைப்பாதை என்ற ஆபத்தே காணாமல் போய்விட்டது. என் நோட்டின் எந்தப் பக்கத்திலும் எழுதப்படாத விதிகள் என்பதால் நான் அவற்றை மாற்றவே இல்லை. உங்கள் நோட்டிலும் அவை எழுதப்பட்டிருக்காது. சித்தப்பாவுக்கு அவை சுவாசம் மாதிரி.

நான் கண்ட மாற்று இது. ஓய்வைப் பொறுத்தவரை, ஆட்டத்தை நடத்துபவருக்கான 2014 கையேட்டிலேயே ஒரு விருப்ப விதி இருக்கிறது: குறுகிய ஓய்வுக்கு எட்டு மணி நேரம், நீண்ட ஓய்வுக்கு ஏழு நாள். அதை அப்படியே எடுக்காமல் இடத்தோடு கட்டினேன். மலையில் ஓர் இரவு என்பது குறுகிய ஓய்வு. நீண்ட ஓய்வு அடிவார ஊரில் மட்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. வீரனும் வார்லாக்கும் (ஒப்பந்தம் செய்து மந்திரம் பெற்றவன்) குறுகிய ஓய்விலேயே பாதி பலம் பெற்றுவிடுவார்கள், மந்திரவாதியும் பூசாரியும் வாடிப்போவார்கள். அதனால் பதினான்காம் வளைவில் ஒரு காப்பித் தோட்ட பங்களா வைத்தேன். அங்கே ஒரே ஒரு முறை நீண்ட ஓய்வு எடுக்கலாம். ஆனால் தோட்டக்காரர் அதற்கு ஒரு விலை கேட்பார். என்ன விலை என்பதைக் குழு மேலே வந்து சேரும் நிலையைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன். இந்த ஒரு மாற்றத்தோடு பழைய வாக்குவாதம் மேசைக்குத் திரும்பிவிட்டது.

வெளிச்சத்துக்கு விடை சொன்னது ஏற்காடுதான். ஐப்பசி, கார்த்திகையில் மாலை பஸ்ஸில் ஏறியவர்களுக்குத் தெரியும். பாதி வளைவு தாண்டியதும் மூடுபனி இறங்கினால், முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்குகூடப் பத்தடிக்கு மேல் தெரியாது. விளக்கைக் கூட்டினால் வெள்ளைச் சுவர் இன்னும் வெளுப்பதோடு சரி. ஐந்தாம் பதிப்பின் விதியும் இதையே சொல்கிறது. அடர்ந்த பனிமூட்டம் இருக்கும் இடம் முழுக்க மறைக்கப்பட்ட இடம். அதற்குள் பார்க்க முயல்பவர் குருடருக்குச் சமம். இருட்டில் தெரியும் கண் இருட்டைத்தான் ஊடுருவும், பனியை ஊடுருவாது. ஒளி மந்திரமும் உதவாது. ஆகவே இருட்டுக்குப் பதில் பனியை வைத்தேன். எட்டாம் வளைவுக்கு மேல் ஒவ்வொரு வளைவிலும் ஒரு ஆறுமுகப் பகடை உருட்டுவேன். 1 அல்லது 2 விழுந்தால் பனி இறங்கும். கயிற்றால் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக நடக்கத் தொடங்கினார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. புதிதாக ஒரு விதிகூட எழுத வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது உங்கள் நோட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த பக்கம், குகைக் கோயிலின் பிணப்பேய்கள். ஆங்கிலப் புத்தகத்தில் வைட் என்று இருப்பவை. ஆட்டக்காரர்கள் சேலத்துக்கு இறங்கிப்போய், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வாங்கி உருக்கி, வாளுக்குப் பூசிக்கொண்டு திரும்பி ஏறினார்கள் என்று சித்தப்பா எழுதியிருக்கிறார். கொலுசுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு இதைவிட அழகாக ஒரு கதைத் திருப்பத்தை யாரால் எழுத முடியும்? ஆனால் அதை எழுத வைத்தது விதி. இரண்டாம் பதிப்பில் வெள்ளியாலோ மந்திர ஆயுதத்தாலோ மட்டுமே பிணப்பேயைத் தொட முடியும். அது தொட்டால் உங்கள் லெவலில் ஒன்று போய்விடும். மாதக்கணக்கில் சம்பாதித்த லெவல்! அதனால்தான் பயந்து மலையிறங்கினார்கள்.

2014 பதிப்பில் சாதாரண வாளும் அதற்குப் பாதிச் சேதம் தரும். மந்திரவாதியின் தீக்கணை முழுச் சேதம் தரும். அதன் தொடுகை அதிகபட்ச ஹிட் பாயிண்டைக் குறைக்கும், அதுவும் சேவிங் த்ரோவில், அதாவது ஆபத்தைத் தடுக்க உருட்டும் பகடையில், தோற்றால்தான். நீண்ட ஓய்வு எடுத்தால் அதுவும் சரியாகிவிடும். இப்படி நடத்தினால் யாரும் கொலுசுக் கடைக்குப் போக மாட்டார்கள். இந்தப் பேய்க்கு மட்டும் பழைய விதியையே வையுங்கள்: வெள்ளியோ மந்திரம் ஏறிய ஆயுதமோ இல்லாத எந்த ஆயுதமும் படாது. கூடவே, நெருப்பு பாதிச் சேதம்தான் தரும் என்று நீங்களாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். லெவலைப் பறிக்க வேண்டாம். புதிய பதிப்பில் லெவல் இறங்கினால் அந்தக் கதாபாத்திரத் தாளை முழுக்கத் திருத்தி எழுத வேண்டும், அரை மணி நேரம் போய்விடும். குறைந்த ஹிட் பாயிண்ட் மட்டும் நீண்ட ஓய்வில் திரும்பாது, அடிவாரக் கோயிலில் ஒரு நேர்த்திக்கடன் செலுத்தினால்தான் திரும்பும் என்று வைத்துவிடுங்கள். ஒரு முக்கியமான விஷயம்: இதை முதல் அடி விழும் முன்பே ஆட்டக்காரர்களுக்குத் தெரிவியுங்கள். மேலே ஏறித் தப்பி வந்த ஒரு கிழவர் ஊரில் இருக்கட்டும். அவர் வாயிலிருந்து வரட்டும். பழைய ஆட்டக்காரர்களுக்கு அந்தப் பேயைப் பற்றி முன்பே தெரியும். உங்கள் நண்பர்களுக்குத் தெரியாது. தெரியாத ஆபத்தில் பயம் வராது, எரிச்சல்தான் வரும்.

நஞ்சும் அதே வகை. பழைய பதிப்பில் ஒரு பகடை தவறினால் சாவு. அதையும் அப்படியே கொண்டுவராதீர்கள். அன்று லெவல் ஏற ஏற ஐந்து வகை சேவிங் த்ரோவும் சேர்ந்தே தேறிவந்தன. உயர்ந்த லெவல் வீரன் எதிலும் எளிதில் தோற்க மாட்டான். இன்று ஆறு குணங்களில் பயிற்சி பெற்ற இரண்டு மட்டுமே லெவலோடு வளரும், பகடையில் தாண்ட வேண்டிய எதிராளியின் இலக்கெண்ணோ ஏறிக்கொண்டே போகும். அதனால் அதே ‘தவறினால் சாவு’ விதி இன்று பல மடங்கு கொடுமையாகிவிடும். பாம்பு கடித்தால் மணிக்கு ஒரு சேவிங் த்ரோ, மூன்று தோற்றால் சாவு, அதற்குள் பச்சிலை தெரிந்தவரிடம் போய்ச் சேர வேண்டும் என்று வையுங்கள். ஒரு பகடையில் முடிந்திருக்க வேண்டியது ஒரு மாலை ஓட்டமாக மாறும். பழைய ஐந்து வகைகளைப் புதிய குணங்களுக்கு மாற்றும்போது நஞ்சு, சாவு, கல்லாவது எல்லாம் உடல் உறுதிக்கும், மூச்சு நெருப்பும் மந்திரக்கோலும் வேகத்துக்கும் போகும். மந்திரத்துக்கு மட்டும் அந்தந்த மந்திரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஓகர் பக்கத்துக்கு ஒரு நிமிடம் திரும்புகிறேன். ஹிட் பாயிண்ட் பெட்டியில் 19 அடித்து 13, அதை அடித்து 6, பக்கத்தில் ‘ஓடிவிட்டது’ என்று எழுதி, கீழே வேறு மையில் ‘11ஆம் வளைவு’ என்று இருக்கிறது, பார்த்தீர்களா? அது மன உறுதிச் சோதனை. இரண்டாம் பதிப்பில் ஒவ்வொரு பூதத்துக்கும் அதற்கென்று ஓர் எண் உண்டு. இரண்டு பத்துமுகப் பகடை உருட்டி அந்த எண்ணைத் தாண்டிவிட்டால் அது சண்டையை விட்டு ஓடும். ஐந்தாம் பதிப்பில் இது விருப்ப விதியாக ஒரு மூலைக்குப் போய்விட்டது. அதைக் கட்டாயம் திரும்பக் கொண்டுவாருங்கள். நோட்டின் குகைகளில் முப்பது, நாற்பது காப்ளின்கள் (குட்டிப் பூதங்கள்) இருக்கின்றன. கடைசிக் காப்ளின் வரை சண்டை நடந்தால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். தலைவன் விழுந்தாலோ பாதிப் பேர் விழுந்தாலோ, ஓர் இருபதுமுகப் பகடையில் 10க்குக் கீழே வந்தால் மிச்சம் ஓடும் என்று வைத்தால் போதும். ஓடியவை திரும்பி வரும். ஆறாம் வளைவில் ஓடிய ஓகர் பதினோராம் வளைவில் காத்திருந்தது. உங்கள் சித்தப்பா கெட்டிக்காரர்.

அனுபவப் புள்ளிகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் பதிப்பில் கொண்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு புள்ளி என்பது விதி. இரண்டாம் பதிப்பில் அது விருப்ப விதியானது. நோட்டின் பின்னட்டைக் கணக்கைப் பார்த்தால் சித்தப்பா அதைப் பின்பற்றியிருக்கிறார். அதனால்தான் அவர் ஆட்டக்காரர்கள் சண்டையைச் சுற்றிக்கொண்டு போய்ப் புதையலை எடுத்தார்கள். கொன்றால்தான் புள்ளி என்று வைத்தால் உங்கள் நண்பர்கள் எதிரே வரும் எல்லாவற்றையும் வெட்டுவார்கள், அப்போது இந்த மலை வேறு மலையாகிவிடும். காசுக் கணக்கை இரண்டு பதிப்புகளுக்கும் ஒட்டவைப்பது வீண் வேலை. அன்று வீரனுக்கு இரண்டாம் லெவலுக்கு 2,000 புள்ளி வேண்டும், இன்று 300 போதும். புதையலோடு அடிவாரம் திரும்பினால் ஒரு லெவல் என்று முடித்துவிடுங்கள்.

மந்திரப் பொருட்களில் மட்டும் கையை இறுக்குங்கள். நோட்டில் கூட்டல் 2 வாள், கூட்டல் 3 கேடயம் என்று நிறைய கிடக்கின்றன. ஐந்தாம் பதிப்பு எண்களை வேண்டுமென்றே குறுக்கிக் கட்டப்பட்டது. முதுபெரும் சிவப்பு டிராகனுக்கே 2014 புத்தகத்தில் ஏ.சி. 22தான். நல்ல இரும்புக் கவசத்தோடு கூட்டல் 3 கேடயமும் சேர்ந்தால் உங்கள் வீரன் டிராகனைத் தாண்டிவிடுவான். எண்ணை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு குணத்தை வையுங்கள். நான் ஒரு கூட்டல் 2 மோதிரத்தை எடுத்துவிட்டு, பிணப்பேய் அறுபது அடிக்குள் வந்தால் தானாக ஒலிக்கும் ஒற்றைக் கொலுசை வைத்தேன். ஒளிந்து போக நினைக்கும்போதும் அது ஒலிக்கும். அதைக் காலில் போடுவது யார் என்று ஒவ்வொரு வாரமும் சண்டை.

2014 விதிகளா, 2024இல் திருத்தி வந்தவையா? உங்கள் நண்பர்கள் கையில் எது இருக்கிறதோ அது. பழைய சாகசங்களை நடத்துவதில் இரண்டுக்கும் பெரிய தூரமில்லை. கதாபாத்திரங்கள் ஒன்றிலிருந்தும் பூதங்கள் மற்றொன்றிலிருந்தும் வருவதை மட்டும் தவிருங்கள். 2024 கதாபாத்திரங்கள் தொடக்கத்திலேயே பலம் கூடியவர்கள், ஆயுதங்களுக்கும் தனித் திறமைகள் வந்துவிட்டன. பழைய பூதங்களை அவர்கள் முன் நிறுத்தினால் மறுபடியும் ஒரு மாலையில் மலை ஏறிவிடுவார்கள்.

மூன்று நோட்டையும் மாற்றிவிட்டுத் தொடங்கலாம் என்று நினைக்காதீர்கள். முதல் ஐந்து வளைவுகளை மட்டும் தயார் செய்யுங்கள். அடிவார ஊர், கிழவர், ஓய்வு விதி போதும். இரண்டு மாலைகள் நடத்திப் பார்த்தால், உங்கள் நால்வர் எதற்குத் தயங்குகிறார்கள், எதைச் சட்டை செய்யாமல் போகிறார்கள் என்று தெரிந்துவிடும். ஆறாம் வளைவை அதற்குப் பிறகு தொடுங்கள். நோட்டில் நேராக எழுதாமல் நகல் எடுத்து அதன் ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள்.

கடைசியாக, சித்தப்பாவிடம் பேச முடியுமென்றால் விதிகளைப் பற்றிக் கேட்காதீர்கள், மறந்திருப்பார். யார் எந்த வளைவில் செத்தார்கள் என்று கேளுங்கள். பதினேழாம் வளைவின் பக்கத்தில் ஒரு பெயரும் இல்லாமல் ஒரு சிலுவைக் குறி மட்டும் இருக்கிறது, கீழே இரண்டு கோடு. அங்கே என்ன நடந்தது என்று அவருக்கு நிச்சயம் நினைவிருக்கும். அந்தப் பெயர் கிடைத்தால், உங்கள் நண்பர்கள் பதினேழாம் வளைவுக்கு வரும்போது பாதையோரத்தில் ஒரு நடுகல் இருக்கட்டும், அதில் அந்தப் பெயர் இருக்கட்டும்.